பங்ஷனல் ஸ்ட்ரெங்த் ட்ரெய்னிங்: தமிழில் என்ன? (வியாழன் அச்சு)

மட்டக்களப்பு, இயன்மருத்துவர்:
அனைவருக்கும் வணக்கம். நாற்பது தாண்டியவர்களுக்கான துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வியாழன் அச்சு, தலைப்பில் ‘பங்ஷனல் ஸ்ட்ரெங்த் ட்ரெய்னிங்’குக்குத் தமிழ்ச் சொல் இன்னும் இல்லை. ஜிம்மில் புயம் பெருப்பிக்கிற விஷயமல்ல இது. கதிரையில் கை ஊன்றாமல் எழும்புவது, நிலத்தில் கிடக்கும் அரிசிப் பையை முதுகை வளைக்காமல் இடுப்பில் மடிந்து தூக்குவது, இரண்டு கையிலும் சுமையோடு நடப்பது, படி ஏறுவது. இவற்றையே சிறிது சிறிதாகப் பாரம் கூட்டிச் செய்யவேண்டும். தசை முப்பதுகளிலிருந்தே குறையத் தொடங்கிவிடும். கிழமைக்கு இரண்டு நாளாவது அதற்கு வேலை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. ‘செயற்பாட்டுப் பயிற்சி’ என்று போட்டேன். வாசித்த தாதி, “இதென்ன மிஸ், என்ஜிஓ செயலமர்வா?” என்றார்.

களுவாஞ்சிக்குடி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மகள், இலக்கணத்தில் வினையும் தொழிலும் ஒன்றே. தொழிற்பெயர் என்கிறோமே! உடம்பின் தொழிலுக்கான பயிற்சி, ஆகவே ‘தொழிற்பயிற்சி’.

கல்முனை:
சேர், அந்தப் பெயரில் ஒட்டினால் ஓ.எல். பரீட்சை முடித்த பிள்ளைகள் வெல்டிங் படிக்க வந்து நிற்பார்கள். ‘நடமாட்டப் பயிற்சி’ எப்படி?

திருக்கோவில்:
எங்கள் வயற்பக்கம் நடமாட்டம் என்றால் யானைதான். வேண்டாம்.

களுவாஞ்சிக்குடி:
அவசரப்படாதீர்கள். நடமாட்டம் என்பது நடம், ஆட்டம் இரண்டும் சேர்ந்தது. நம் கூத்தை எடுங்கள். வடமோடியோ தென்மோடியோ, கூத்தாசிரியரான அண்ணாவியார் ‘பழக்குகிறார்’, பிள்ளைகள் ‘பழகுகிறார்கள்’. பயிற்சி என்று யாரும் சொல்வதில்லை. விடிய விடிய ஆட இடுப்பும் முழங்காலும் எவ்வளவு இறுகியிருக்க வேண்டும்! கைப்பழக்கம், நாப்பழக்கம் இருக்கும்போது ‘மெய்ப்பழக்கம்’ ஏன் கூடாது? கொம்புமுறி விளையாட்டில் வடம் இழுப்பது பற்றித் தனியே எழுதுகிறேன்.

அக்கரைப்பற்று:
மெய்ப்பழக்கம் என்றால் பொய் சொல்லாமலிருக்கப் பழகுவது என்று உம்மா நினைப்பார். அவர் இப்போது கதிரையில் இருந்துதான் தொழுகிறார். நெற்றி நிலத்தில் படுகிற சுஜூதுக்குப் போகலாம், எழும்ப முடியாது. “காலில பெலன் இல்ல மனே” என்பார். இந்தப் பிரசுரம் அவருக்குத்தானே? அவர் வாயில் இருக்கிற சொல்லை எடுங்கள்.

கல்முனை:
அப்படியென்றால் ‘அன்றாட வலுப்பயிற்சி’. முடித்துவிடலாம்.

செங்கலடி, பௌதிகவியல் ஆசிரியை:
முடியாது. எங்கள் பாடநூலில் வலு என்பது வேலை செய்யும் வீதம். தமிழ்நாட்டில் அதையே திறன் என்கிறார்கள், அது வேறு குழப்பம். உங்கள் துறையிலும் பலமும் வலுவும் வேறுதானே? பாரத்தை ஆறுதலாகத் தூக்குவது ஒன்று. கால் வழுக்கும்போது சட்டென்று ஊன்றிக்கொள்வது வேறு. வயதாக ஆக முந்திப் போவது பின்னதுதான். அதற்கு ‘வலு’வை விட்டு வையுங்கள். இங்கே ‘பலம்’ போதும்.

களுவாஞ்சிக்குடி:
பலம் வடசொல். ‘உரம்’ இருக்கிறது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அவர் மண்ணிலிருந்தா ‘பலம்’ என்று அச்சாகிப் போவது?

கல்முனை:
அடிகளின் பெயரே வடமொழிதான், சேர். பெரும்போகம் தொடங்குகிற நேரத்தில் ‘உரப்பயிற்சி’ என்று கச்சேரி அலுவலகத்தில் ஒட்டிப் பாருங்கள், எத்தனை விவசாயிகள் மூட்டை கேட்டு வருகிறார்கள் என்று.

மட்டக்களப்பு:
அச்சகத்தில் இருந்து எழுதுகிறேன். ‘அன்றாடப் பலப்பயிற்சி’ என்று கொடுத்துவிட்டேன். மூன்று பேர் சரி என்றீர்கள், திருக்கோவில் பதில் போடவில்லை, சேர் கோபம். ‘வலு’வை அடுத்த பிரசுரத்துக்கு வைத்திருக்கிறேன்.

களுவாஞ்சிக்குடி:
கோபமில்லை மகள், உடன்பாடு இல்லை, அவ்வளவுதான். ஆனால் முதல் பக்கத்தில் ‘கதிரை’ என்று போட்டிருக்கிறீர்கள். அது போர்த்துக்கேயச் சொல். ‘இருக்கை’ என்று மாற்ற இன்னும் நேரம் இருக்கிறதா?