டாப்சிலிப், வால்பாறை, அதிரப்பள்ளி: குடும்பத்தோடு மூன்று நாளில் முடியுமா?

கேள்வி (திருச்சிவாசி):
வணக்கம். டிசம்பர் இறுதியில் நானும் மனைவியும், ஒன்பது வயது மகளும், மூட்டுவலி உள்ள என் அப்பாவும் எங்கள் காரிலேயே பொள்ளாச்சி சென்று, ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்சிலிப், தேயிலைத் தோட்ட மலையூரான வால்பாறை, கேரள எல்லையிலுள்ள மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி அருவி வரை போக எண்ணியிருக்கிறோம். வண்டியில் உட்கார்ந்தபடியே காட்டைப் பார்த்துத் திரும்ப எனக்கு மனமில்லை. மகள் ஒரு காலையாவது காட்டுக்குள் நடக்க வேண்டும். வளைவுகளில் அவளுக்கு வாந்தி வருவது ஒரு கவலை. திட்டம் சரிதானா?

பொள்ளாச்சிக்காரர்:
ஐயா, டாப்சிலிப்பிலிருந்து வால்பாறைக்கு நாம் வண்டி ஓட்டிச் செல்லக்கூடிய நேர்வழி இல்லை. அடிவாரத்திலுள்ள சேத்துமடைக்கு இறங்கி, வால்பாறை மலையடிவாரமான ஆழியாறு வந்து, மறுபடியும் மலையேற வேண்டும். ஆகவே இரண்டையும் ஒரே நாளில் அடக்காதீர்கள்.

நடப்பதற்கு டாப்சிலிப்பே சிறந்தது. அங்கே வனத்துறை வழிகாட்டியோடுதான் காட்டுக்குள் செல்ல முடியும். அது கெடுபிடி அல்ல, யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் காலடியையும் சாணத்தையும் பார்த்தே சொல்லக்கூடியவர் உடன் இருப்பது உங்கள் மகளுக்குக் கிடைக்கும் பெரிய பாடம். மேலே (டாப்) வெட்டிய தேக்கு மரங்களைச் சரிவில் சறுக்கிவிட்டதால்தான் (ஸ்லிப்) அந்த இடத்துக்கு அப்பெயர் வந்தது. வெட்டி அழிந்த காட்டில் மீண்டும் தேக்கை வளர்த்தெடுத்த வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை அங்கேயே, அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவே இருக்கிறது. அவசியம் காட்டுங்கள்.

வால்பாறையில் வளர்ந்தவர்:
ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்தி, மகளை முன் இருக்கையில் வார்ப்பட்டை போட்டு அமர்த்துங்கள். ஒன்பதாம் வளைவில் உள்ள காட்சிமுனையில் இறங்கி இளைப்பாறலாம். அந்தப் பாறைகளில் வரையாடுகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மட்டும் நம்பவேண்டாம்.

வால்பாறை அருகே புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் சாலையோரமே வரும். அவை சாலையில் இறங்காமல் கடப்பதற்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். தயவுசெய்து ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்காதீர்கள். தின்பண்டத்துக்குப் பழகிய குரங்கு சாலையிலேயே காத்திருந்து வண்டியில் அடிபட்டுச் சாவதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன், இன்றும் மனம் ஆறவில்லை.

தேயிலைக் காட்டில் இருட்டிய பின் குழந்தையை வெளியே விடாதீர்கள். சிறுத்தை நடமாட்டம் உண்டு. சில இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு மின்னினால் பக்கத்தில் யானை நிற்கிறது என்று பொருள்.

சாலக்குடிக்கு அடிக்கடி செல்பவர்:
வால்பாறையிலிருந்து அதிரப்பள்ளி சுமார் 80 கி.மீ. என்றாலும் பாதி நாள் பிடிக்கும். கேரளச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பொருட்களைப் பார்ப்பார்கள், மாலையில் வழியை மூடிவிடுவார்கள். காலையிலேயே கிளம்புங்கள். இடையில் பெட்ரோல் கிடைக்காது என்று எண்ணி வால்பாறையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

திருச்சிவாசி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அதிரப்பள்ளியை இந்த முறை விட்டுவிட்டு, டாப்சிலிப்பில் ஓர் இரவும் வால்பாறையில் ஓர் இரவும் தங்க முடிவு செய்துள்ளோம். நாங்கள் நடக்கும்போது அப்பா தங்கும் விடுதித் திண்ணையிலேயே இருந்து மான்களைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். டிசம்பரில் அட்டைக்கடி எப்படி இருக்கும்?

பொள்ளாச்சிக்காரர்:
ஆடி மாதம் அளவுக்கு இருக்காது. மழை பெய்த மறுநாள் மட்டும் கால்சட்டையை நீளக் காலுறைக்குள் செருகி, கொஞ்சம் உப்பு எடுத்துச் செல்லுங்கள்.