பிசாசு துரத்தும் அதிகாரம்: ஆதி சபையில் யாரிடம் இருந்தது?

ஜெபவீரன்

போன வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் கத்தோலிக்க நண்பர் ஒருவரோடு பேச்சு வந்தது. "பேயோட்ட ஆயரின் (பிஷப்பின்) அனுமதி வேண்டும், கண்டவர்களும் செய்யக்கூடாது, ஆதியிலிருந்தே அப்படித்தான்" என்று அடித்துச் சொன்னார். அந்த "ஆதியிலிருந்தே" என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மாற்கு சுவிசேஷம் 9-ம் அதிகாரம் 38-ம் வசனத்தை எடுங்கள். சீடன் யோவான் இயேசுவிடம் வந்து முறையிடுகிறான்: யாரோ ஒருவன் உமது நாமத்தைச் சொல்லிப் பிசாசுகளைத் துரத்துகிறான், அவன் நம்மோடு வருகிறவன் இல்லை, அதனால் தடுத்துவிட்டோம். இயேசு என்ன சொன்னார்? "அவனைத் தடுக்கவேண்டாம்." அந்த மனிதனுக்குப் பெயர்கூட வசனத்தில் இல்லை. பன்னிருவரில் ஒருவன் இல்லை, யாரும் அவன்மேல் கைவைத்து அனுப்பவும் இல்லை.

அதே சுவிசேஷத்தின் கடைசியில் விசுவாசிக்கிறவர்கள் என் நாமத்தினாலே பிசாசுகளைத் துரத்துவார்கள் என்று இருக்கிறது. "மூப்பர்கள்" என்று இல்லை, ஆயர்களைக் குறிக்கும் "கண்காணிகள்" என்றும் இல்லை. 197-ல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜிலிருந்து கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் ரோம அதிகாரிகளுக்கு எழுதிய தற்காப்பு நூலைப் பாருங்கள். பேய் பிடித்த ஒருவனை உங்கள் நியாயாசனத்துக்கு முன் நிறுத்துங்கள், எந்தக் கிறிஸ்தவனாவது பேசட்டும், அந்த ஆவி தன்னைப் பேய் என்று ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தக் கிறிஸ்தவனை அங்கேயே வெட்டிப் போடுங்கள் என்று சவால் விடுகிறார். எந்தக் கிறிஸ்தவனாவது! அனுமதிக் கடிதம் எங்கே இருக்கிறது இதில்?

முத்துக்கரை

சகோதரரே, வணக்கம். நான் அந்தப் பந்தியில் இல்லை, ஆனாலும் உங்கள் நண்பரின் பக்கம்தான்.

மாற்கு 9 சொன்ன நீங்கள் திருத்தூதர் பணிகள் 19-ஐ விட்டுவிட்டீர்கள். எபேசு நகரில் ஸ்கேவா என்ற யூதத் தலைமைக் குருவின் மகன்கள் ஏழு பேர் "பவுல் அறிவிக்கிற இயேசுவின் பெயரால் ஆணையிடுகிறோம்" என்றார்கள். பெயர் சரிதானே, அதே பெயர்தானே? அந்த ஆவி கேட்ட கேள்வி நம் எல்லோருக்கும் தெரியும்: இயேசுவைத் தெரியும், பவுலையும் தெரியும், நீங்கள் யார்? அடிபட்டு, ஆடையில்லாமல் அந்த வீட்டைவிட்டு ஓடினார்கள். பெயரை உச்சரித்தால் போதாது, அனுப்பப்பட்டவனாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வரலாற்றுக்கும் வருகிறேன். 251-ல் ரோம் ஆயர் கொர்னேலியுஸ் அந்தியோக்கியா ஆயருக்கு எழுதிய கடிதத்தில் தன் திருச்சபையின் கணக்கைத் தருகிறார். குருக்கள் 46, திருத்தொண்டர்கள் 7, துணைத் திருத்தொண்டர்கள் 7, பீடத்துணைவர்கள் 42. அதற்கடுத்துப் பேயோட்டுநர்களும் வாசகர்களும் வாயில்காப்போரும் சேர்த்து 52. நன்றாகப் பாருங்கள், அது அப்போதே ஒரு பணி, பட்டியலில் இடம் பெற்ற பணி. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயா நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆயரால் ஏற்படுத்தப்படாதவர்கள் கோவிலிலும் சரி, வீடுகளிலும் சரி, பேயோட்டக்கூடாது. உங்கள் நண்பர் தானாக எதையும் கட்டிச் சொல்லவில்லை.

பழைய ஏடு

இருவரும் நல்ல ஆதாரங்களையே எடுத்திருக்கிறீர்கள். இருவரும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

ஜெபவீரன் தம்பி, மாற்கு 16-ன் அந்தக் கடைசிப் பகுதி சினாய் கையெழுத்துப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் இல்லை. இரண்டும் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் மாற்கு 16:8-ஓடு முடிந்துவிடுகிறது. அதற்காக அது பழசே இல்லை என்று சொல்ல வரவில்லை. 180 வாக்கிலேயே லியோன் ஆயர் இரேனியுஸ் அதே பகுதியிலிருந்து 19-ம் வசனத்தை மாற்கு எழுதியதாக எடுத்துச் சொல்கிறார். மாற்கு எழுதினாரா என்பதில் சந்தேகம் உண்டு, ஆதி சபை வாசித்ததா என்பதில் சந்தேகம் இல்லை.

முத்துக்கரை ஐயா, ஸ்கேவா கதை "அனுப்பப்படாதவர்கள்" பற்றியது என்பதைவிட, பெயரை மந்திரமாகப் பயன்படுத்தியவர்கள் பற்றியது. அதனால்தான் அடுத்த வசனங்களிலேயே எபேசில் மந்திரப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொளுத்துகிறார்கள், மதிப்பு 50,000 வெள்ளிக்காசு. அந்தப் பழக்கம் அதோடு ஒழியவும் இல்லை. பாரிஸில் இருக்கும் நான்காம் நூற்றாண்டு மந்திரப் பாப்பிரஸில் "எபிரெயரின் கடவுளாகிய இயேசுவின்மேல் ஆணை" என்று ஒரு வரி வருகிறது. எழுதியவன் கிறிஸ்தவனும் இல்லை, யூதனும் இல்லை என்பது அந்த வரியிலேயே தெரிகிறது. பெயருக்குச் சக்தி இருக்கிறது என்று கேள்விப்பட்டு எடுத்துக்கொண்டிருக்கிறான்.

சரி, "அனுமதி" விஷயம். 248 வாக்கில் ஓரிகன் என்ற வேத அறிஞர், கிறிஸ்தவத்தைத் தாக்கிய கெல்சுஸ் என்ற விமர்சகருக்குப் பதில் எழுதும்போது, பேயோட்டுகிறவர்கள் பெரும்பாலும் படிக்காத எளிய மனிதர்கள் என்கிறார். மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை, ஜெபமும் சாதாரண மனிதன் சொல்லக்கூடிய எளிய ஆணைகளும் மட்டுமே. அதற்கும் ஒரு நூறு வருஷம் முன்னால் ரோமில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ ஆசிரியர் எழுதும்போதும், நம் ஆட்களில் பலர் "பொந்தியு பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் அறையப்பட்ட இயேசு கிறிஸ்துவின் பெயரால்" துரத்துகிறார்கள் என்றுதான் சொல்கிறார். 380 வாக்கில் சீரியாவில் தொகுக்கப்பட்ட 'அப்போஸ்தலச் சட்டங்கள்' என்ற நூலோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. பேயோட்டுகிறவனுக்குக் கைவைத்துப் பட்டம் கொடுக்கப்படுவதில்லை, அது தேவகிருபையால் வருவது என்கிறது. அதாவது ஒரே நூற்றாண்டில், ஒரு சங்கம் ஆயர் ஏற்படுத்தாமல் கூடாது என்கிறது, இன்னொரு நூல் ஏற்படுத்தவே தேவையில்லை என்கிறது. "ஆதியிலிருந்தே" என்று ஒரே குரலில் யாரும் பேசவில்லை.

முத்துக்கரை

ஏட்டையா, அந்த நூலின் அதே வரி, அப்படிப்பட்டவன் ஆயராகவோ குருவாகவோ தேவைப்பட்டால் அவனுக்குக் கைவைக்க வேண்டும் என்றும் சொல்கிறதே. வரம் வேறு, பணி வேறு. வரம் யாருக்கும் வரலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் வரம் இருக்கிறது என்று ஒருவன் சொல்லிக்கொண்டால், அதைச் சோதித்துப் பார்ப்பது யார்?

இதற்கு ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. 256-ல் கப்பதோக்கியா ஆயர் பீர்மிலியன், கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானுக்கு எழுதுகிறார். அதற்கு ஏறக்குறைய 22 வருஷம் முன்னால், நிலநடுக்கமும், கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய கலாபனையும் சேர்ந்து ஜனங்கள் பதறிக் கிடந்த நேரத்தில், ஒரு பெண் தன்னில் தூய ஆவி இருப்பதாகச் சொல்லி எழும்பினாள். கடும் குளிரில் உறைபனியில் வெறுங்காலோடு நடந்தாள். திருமுழுக்கும் கொடுத்தாள், நற்கருணையும் நடத்தினாள். ஒரு குருவும் ஒரு திருத்தொண்டரும்கூட அவள் பின்னால் போய்க் கெட்டார்கள். கடைசியில் அவளுக்கு எதிரே நின்றது யார் தெரியுமா? நல்ல பெயர் எடுத்த ஒரு பேயோட்டுநர். ஜனங்கள் பயந்துபோன காலத்தில் யாரை நம்புவது என்று தெரியாமல் தவிப்பார்கள். ஒழுங்கு அவர்களுக்காகத்தான்.

ஜெபவீரன்

ஐயா, அந்தக் கதையை எழுதியது அவளுக்கு எதிர்த்தரப்பு. அவள் பக்கத்தில் ஒரு வரிகூட நமக்கு வந்து சேரவில்லை. அப்புறம், கெட்டுப்போன குருவுக்கும் திருத்தொண்டருக்கும் முறைப்படி பட்டம் இருந்ததே! பட்டம் அவர்களைக் காப்பாற்றவில்லை.

டீச்சரம்மா

கொஞ்ச நாளாக வாசிக்கிறேன், எழுதுவதில்லை. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தம்பிக்குப் பதினொரு வயதில் வலிப்பு வந்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். டாக்டர் மாத்திரை கொடுத்தார், குறையவும் செய்தது. அதற்குள் யாரோ சொல்லி, ஊருக்கு வெளியே இருந்த ஒரு ஜெபவீட்டுக்கு அம்மா கூட்டிப்போனார். மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம் என்று சொல்லி நிறுத்தச் சொன்னார்கள். மூன்று வெள்ளிக்கிழமை தலையைப் பிடித்து உலுக்கி, "வெளியே போ, வெளியே போ" என்று கத்தினார்கள். ஒவ்வொரு வெள்ளியும் ஒரு கவர். மூன்றாவது வெள்ளி, அவர்களுடைய சமையல்கட்டில் எரிகிற விறகடுப்பின் மேல் விழுந்தான். இடது கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது.

பழைய தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 17:15-ல் அந்தத் தகப்பன் மகனைப் பற்றிச் சொல்லும்போது "சந்திரரோகி", அதாவது வலிப்புக்காரன், என்று வரும். அடிக்கடி தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான் என்றும் வரும். அம்மா அந்த வசனத்தை வாசித்து வாசித்து அழுதார். நான் வேறொரு வசனத்தில் நின்றுவிட்டேன். மாற்கு 9:21. இயேசு எதையும் செய்வதற்கு முன்னால் தகப்பனைப் பார்த்துக் கேட்கிறார்: இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று? முடிந்ததும் பையன் செத்தவன்போலக் கிடக்கிறான், அவர் கையைப் பிடித்துத் தூக்குகிறார்.

மூன்று வெள்ளிக்கிழமையில் ஒருத்தர்கூட அம்மாவிடம் "எத்தனை நாளாக இப்படி?" என்று கேட்கவில்லை. அதிகாரம் யாருக்கு என்று இவ்வளவு எழுதுகிறீர்கள். அதிகாரம் உள்ளவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ஜெபவீரன்

அக்கா, மனசு கனத்துப் போச்சு. நான் நம்புகிற நாமத்தைச் சொல்லி அப்படிச் செய்திருக்கிறார்கள், அதற்காக வெட்கப்படுகிறேன்.

பணம் வாங்கியது ஒன்றே போதும் அது வேதத்தின்படியானது இல்லை என்று சொல்ல. பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்லுகிற ஆவி பிடித்த அடிமைப் பெண்ணைப் பவுல் விடுவித்தபோது, கோபப்பட்டது அவளை வைத்துச் சம்பாதித்த எஜமான்கள். பிசாசு போனதும் வருமானம் போயிற்று. வருமானம் வருகிற இடத்தில் என்ன நடக்கிறது என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். சிலர் தவறாகச் செய்தார்கள் என்பதால், உபவாசமிருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகக் கண்ணீரோடு ஜெபிக்கிற ஒரு சாதாரண விசுவாசியையும் தடுக்க வேண்டுமா?

பழைய ஏடு

டீச்சர், நீங்கள் எழுதியதற்குப் பிறகு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் தம்பியின் நோய்க்கும் இந்த விவாதத்துக்கும் பழைய தொடர்பு இருக்கிறது. கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 400 வருஷம் முன்னாலேயே ஹிப்போகிரட்டீஸ் மரபு மருத்துவ நூல் ஒன்று, வலிப்பு மற்ற நோய்களைவிடத் தெய்வீகமானது இல்லை, மூளையில் வருவது என்று எழுதிவிட்டது. ஓரிகனுக்கு மருத்துவர்களின் விளக்கம் தெரியும். ஆனாலும் மத்தேயு 17-க்கு உரை எழுதும்போது, மருத்துவர்கள் சொல்வதைச் சொல்லட்டும், நாம் சுவிசேஷத்தின்படி இதை அசுத்த ஆவி என்றே நம்புகிறோம் என்கிறார். நான் மதிக்கிற மனிதர் அவர். இந்த இடத்தில் அவர் சொன்னது தவறு, அதன் விலையைப் பல நூற்றாண்டுகள் பிள்ளைகள் கொடுத்திருக்கிறார்கள்.

பணத்துக்கு வருகிறேன். இரேனியுஸ் 180 வாக்கில், சிலர் பேய்களைத் துரத்துகிறார்கள், இலவசமாகப் பெற்றதால் இலவசமாகக் கொடுக்கிறார்கள், காசு வாங்குவதில்லை என்று அழுத்திச் சொல்கிறார். முத்துக்கரை ஐயா காட்டிய கொர்னேலியுஸ் கடிதத்தின் அடுத்த வரியும் இதைத்தான் தொடுகிறது. பேயோட்டுநர்கள் உள்ளிட்ட அந்தப் பட்டியலோடு, 1500-க்கும் மேற்பட்ட விதவைகளும் ஏழைகளும் இருக்கிறார்கள், இவர்கள் எல்லோரையும் ஆண்டவரின் கிருபை போஷிக்கிறது என்கிறார். சபையின் பொதுப் பானையிலிருந்து சாப்பிட்டவர்கள். நோயாளி வீட்டுக் கவரை எதிர்பார்க்க வேண்டிய நிலை இல்லை.

பேயோட்டுநர்கள் அன்றாடம் என்ன செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். நாம் நினைப்பதுபோல உருட்டல், மிரட்டல் மட்டும் இல்லை. 350 வாக்கில் எருசலேமில் சிரில் என்ற போதகர், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களிடம் பேசுகிறார். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இந்தப் பேயோட்டும் ஜெபம் உண்டு, பேய் பிடித்தவர்களுக்கு மட்டும் இல்லை. கண் அங்குமிங்கும் அலைந்தால் மனமும் அலையும் என்பதற்காக முகத்தைத் துணியால் மூடுவார்கள். பிறகு மேலே ஊதுவார்கள். ஏன் ஊதுகிறோம் என்று சிரில் ஓர் உவமை சொல்கிறார்: தட்டார் மெல்லிய குழல் வழியாக நெருப்பை ஊதி, உருக்குப் பாத்திரத்தில் இருக்கும் பொன்னை உருக்கி மாசு பிரிப்பதுபோல. ஊதுகிற மூச்சு கொஞ்சம் தப்பினாலும் காரியம் கெடும், அவ்வளவு கவனமான வேலை. லவோதிக்கேயா சட்டம் இந்த வேலையை மனதில் வைத்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக ஜெபிப்பதை அது தடுத்ததாக எனக்குப் படவில்லை.

டீச்சரம்மா

ஐயா, ஒரு சந்தேகம். "எந்தக் கிறிஸ்தவனாவது" என்றாரே தெர்த்துல்லியன், அதில் பெண்ணும் சேர்த்தியா? எங்கள் வீட்டில் ராத்திரியெல்லாம் விழித்திருந்து தம்பிக்காக ஜெபித்தது அம்மா மட்டும்தான்.

பழைய ஏடு

இல்லை டீச்சர். சில வருஷங்களிலேயே அவர் எழுதிய இன்னொரு நூலில், மாற்று உபதேசக்காரர்களின் பெண்கள் போதிக்கத் துணிகிறார்கள், பேயோட்டத் துணிகிறார்கள் என்று திட்டுகிறார். ஜெபவீரன் தம்பி எடுத்த மேற்கோளுக்கும் ஒரு வேலி இருந்திருக்கிறது.

ஜெபவீரன்

அது எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன்.

முத்துக்கரை

எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1972-ல் ஆறாம் பவுல் பேயோட்டுநர் பட்டத்தையே எங்கள் திருச்சபையில் எடுத்துவிட்டார். 1983 திருச்சபைச் சட்டத்தின் 1172-ம் விதிப்படி இன்று ஆயரின் தனி அனுமதி பெற்ற குருவானவர்தான் செய்யலாம், அவரும் பக்தியும் அறிவும் விவேகமும் உள்ளவராக இருக்க வேண்டும். அம்மா, உங்கள் தாயாருக்கு அன்று போய்ப் புகார் சொல்ல ஒரு கதவு இருந்திருந்தால் என்றுதான் நினைத்துக்கொண்டேன். ஒழுங்கு வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் மாற்கு 9:21-ஐ இத்தனை வருஷம் நான் வேகமாகக் கடந்து போயிருக்கிறேன். தம்பி இப்போது எப்படி இருக்கிறார்?

டீச்சரம்மா

நல்லா இருக்கிறான் ஐயா. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒன்று. கடைசியாக வலிப்பு வந்து விழுந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கையில் தழும்பு இருக்கிறது, பாடகர் குழுவில் நிற்கும்போது முழுக்கைச் சட்டைதான் போடுவான். அம்மா இன்னும் அவன் தலையில் கைவைத்துத்தான் மாத்திரையைக் கொடுக்கிறார்.