கழற்றி மாட்டும் ஹோஸ் இணைப்புள்ள டைவ் கம்ப்யூட்டர் வாங்கலாமா?

புதுப்பவளம் (சிங்கப்பூர்):

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் மூன்று ஆண்டுகளாக ஸ்கூபா டைவ் செய்து வருகிறோம். வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்தில் மெர்சிங் சென்று, அங்கிருந்து படகில் தியோமான் தீவுக்குப் போய், ஞாயிறு இரவு வீடு திரும்புவது எங்கள் வழக்கம். இதுவரை, டேங்க் காற்றைச் சுவாசிக்கத் தரும் என் ரெகுலேட்டரில் டேங்க் அழுத்தம் காட்டும் சாதாரணப் பித்தளை கேஜும், மணிக்கட்டில், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் வைத்திருந்தேன். சென்ற மாதம் அந்தக் கம்ப்யூட்டரின் திரையில் சில கோடுகள் தெரியாமல் போயின. 3 என்பதும் 8 என்பதும் ஒன்றுபோலத் தெரிகிற கருவியை நம்பி 25 மீட்டருக்கு இறங்க எனக்கு மனம் வரவில்லை.

என்னுடன் பணிபுரியும் ஒருவர் ரெகுலேட்டரோடு ஹோஸ் என்ற குழாயால் இணையும் தம்முடைய கம்ப்யூட்டரை விற்கப் போவதாகச் சொல்கிறார். ஆழம், நேரம், டேங்க் அழுத்தம், இன்னும் எத்தனை நிமிடம் டீகோ (மேலேறும்போது இடையில் கட்டாயமாக நின்று வருவது) இல்லாமல் கீழே இருக்கலாம் என்பது எல்லாம் ஒரே திரையில் வருகின்றன. ஹோஸின் முனையில் ஓர் உலோகக் காலர் இருக்கிறது. அதைப் பின்னுக்கு இழுத்தால் கம்ப்யூட்டர் தனியே கையோடு வந்துவிடுகிறது. பார்த்தவுடன் எனக்குப் பிடித்துவிட்டது.

வாங்குவதற்கு முன் தெளிவுபெற வேண்டியவை சில உள்ளன. பிசிடியில் (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டை) காற்று நிரப்பும் இன்ஃப்ளேட்டர் ஹோஸிலும் இதே போன்ற காலர்தானே இருக்கிறது. அதை நான் நூறு முறையாவது கழற்றி மாட்டியிருப்பேன். அந்த அளவுக்கு இதையும் நம்பலாமா? நவம்பர் முதல் பிப்ரவரி வரை தியோமான் பக்கம் பருவமழை என்பதால் டிசம்பரில் அந்தமான் போகிறோம். சுமையைக் குறைக்க ரெகுலேட்டரை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரை மட்டும் கொண்டுபோய் அதில் மாட்டிக்கொள்ள முடியுமா? அல்லது இந்தத் தலைவலியே வேண்டாமென்று, டேங்க் அழுத்தத்தை ஹோஸ் இல்லாமல் மணிக்கட்டுக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் பக்கம் போய்விடலாமா?

சர்வீஸ் மேசை (சென்னை):

சகோதரி, உங்கள் முதல் கேள்வியில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. பதினைந்து ஆண்டுகளாக ரெகுலேட்டர் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், இந்தக் குழப்பத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். டேங்க் அழுத்தத்தை, சுற்றியிருக்கும் நீரின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 9 அல்லது 10 பார் (1 பார் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) மட்டுமே கூடுதலாக இருக்கும்படி, டேங்க் வால்வில் மாட்டும் ரெகுலேட்டர் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் குறைத்த பிறகே இன்ஃப்ளேட்டர் ஹோஸுக்குக் காற்று வருகிறது. ஆகவே டேங்க் திறந்திருக்கும்போதும், நீருக்கடியிலும் கூட அதைக் கழற்றலாம்; பொத்தான் சிக்கி பிசிடி தானாக ஊதத் தொடங்கினால் அந்த ஹோஸைக் கழற்றிவிட வேண்டும் என்று பயிற்சியிலேயே சொல்லித்தருகிறார்கள். கம்ப்யூட்டருக்குப் போகும் ஹோஸோ டேங்க்கின் முழு அழுத்தத்தையும் தாங்கி நிற்பது. 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு முனையின் மீது 200 பார் அழுத்தம் செலுத்தும் விசை ஏறத்தாழ 58 கிலோ எடைக்குச் சமம். அந்த நிலையில் காலரோடு யாரும் விளையாடக் கூடாது. வால்வை மூடி, வாயில் வைக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜில், காற்றை வெளியேற்றும் பர்ஜ் பொத்தானை அழுத்தி, திரையில் அழுத்தம் பூஜ்யத்துக்கு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும்.

ஆக, இந்த இணைப்பு கரையில் பயன்படுகிற வசதி. தண்ணீருக்குள் இதனால் உங்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை. கரையில் கிடைக்கும் ஆதாயம் சிறியதும் அன்று. ரெகுலேட்டரை என்னைப் போன்றவர்களிடம் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது கம்ப்யூட்டர் உங்கள் வீட்டிலேயே இருக்கும். விமானத்தில் அதைக் கைப்பையில் தனியாக வைத்துக்கொள்ளலாம். டைவ் விவரங்களை இறக்கிக்கொள்ளவோ பேட்டரி மாற்றவோ ரெகுலேட்டர் முழுவதையும் மேசைமேல் பரப்ப வேண்டியதில்லை. ஓஷியானிக்கின் புரோ பிளஸ் வரிசையிலும் சூன்டோவின் கோப்ரா 3 மாடலிலும் இவ்வசதியை வைத்ததற்குக் காரணம் இதுதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. சாதாரண கேஜில் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் திருகும் இடத்தில் ஓர் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), கேஜ் சுழலும் இடத்தில் சிறு குழல் மீது இரண்டு ஓ-ரிங்குகள், அவ்வளவே. கழற்றும் இணைப்பு வந்தால் காற்று கசியக்கூடிய இடம் இன்னொன்று கூடுகிறது. அதுவும் சர்வீஸ் நாளில் மட்டும் திறக்கப்படும் இடமன்று. நீங்கள் ஒவ்வொரு பயணத்திலும் திறந்து மூடுகிற இடம். ஒரு மணல் துகள் போதும், மேலேறும் வழியில் 5 மீட்டரில் பாதுகாப்பு நிறுத்தத்தில் நிற்கும்போது காலரிலிருந்து நூல்போலக் குமிழிகள் மேலேறுவதைப் பார்ப்பீர்கள். அதைக் கண்டு பதறத் தேவையில்லை. ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து இந்த ஹோஸுக்குக் காற்று ஊசித்துளை அளவுள்ள வழியாகத்தான் வருகிறது. ஆகவே ஹோஸே வெடித்தாலும், குறைந்த அழுத்த ஹோஸ் ஒன்று வெடிப்பதைவிட இதில் டேங்க் மிக மெதுவாகவே காலியாகும். சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கும். டைவை முடித்துக்கொண்டு முறைப்படி மேலே வர நேரம் இருக்கும்.

நான் உண்மையில் அஞ்சுவது கசிவைவிடத் தண்ணீர் உள்ளே போவதைத்தான். ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த ரெகுலேட்டரின் ஹோஸ் முனையைக் கவிழ்த்துத் தட்டியபோது பச்சை நிறத் தூள் மேசையில் கொட்டியது. ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் கம்ப்யூட்டரைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, திறந்த முனையோடு ஹோஸை அப்படியே நன்னீர்த் தொட்டியில் ஊறப்போட்டிருக்கிறார். தண்ணீர் ஹோஸ் வழியே ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் உள்ளறைக்குப் போய் உட்கார்ந்து களிம்பு பிடித்துவிட்டது. அலசும்போது கம்ப்யூட்டர் மாட்டியபடியே இருக்க வேண்டும். கழற்றிய பிறகு இரு முனைகளுக்கும் மூடி போட வேண்டும். வாங்கும்போது அந்த மூடிகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பழைய பொருள்களில் முதலில் தொலைவது அதுதான்.

வாடகை ரெகுலேட்டரைப் பற்றி: நீங்கள் நினைப்பது நடக்காது. காலரின் ஒரு பாதி உங்கள் ஹோஸில் இருக்கிறது. வாடகைக் கடையின் ஹோஸ் முனையில் அவர்களுடைய கேஜ்தான் இருக்கும். உங்கள் ஹோஸையும் கொண்டுபோய், ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் உயர் அழுத்தத் துளையில் திருக வேண்டியிருக்கும். அந்தத் துளையின் மரை பொதுவாக எல்லா ரெகுலேட்டரிலும் 7/16 அங்குலம் என்பதால் பொருந்தும். பல ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்களில் இரண்டாவது துளை ஒன்று அடைப்போடு சும்மாவே இருக்கும். ஆனால் தன் ரெகுலேட்டரில் வாடிக்கையாளர் ஸ்பானர் போடுவதை எந்தக் கடைக்காரரும் விரும்ப மாட்டார்; அவர் மறுத்தால் குறை சொல்வதற்கில்லை. உங்கள் ரெகுலேட்டரையே கொண்டுபோங்கள். சுமையைக் குறைக்க வேண்டுமானால் பிசிடியை விட்டுப் போங்கள்.

கல்லடி (மட்டக்களப்பு):

மேலே எழுதியவர் இணைப்பைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார். நான் திரையைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் கரைக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கின்றது. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கான 40 மீட்டர் எல்லைக்குக் கீழே உள்ள இடம் அது. அங்கே இறங்குகின்ற எவரும் டீகோவைத் தவிர்க்க முடியாது. ஆதலால் எங்களுள் ஒருவர்கூட ஒற்றைத் திரையை நம்பி இறங்குவதில்லை. இரண்டு மணிக்கட்டுக் கம்ப்யூட்டர்களும், அவற்றோடு தொடர்பே இல்லாத ஒரு பித்தளை கேஜும் எடுத்துச் செல்வோம். தியோமானில் உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை என்பது உண்மைதான். எனினும் காரணம் ஒன்றே. அழுத்தமும் டீகோக் கணக்கும் ஒரே பெட்டிக்குள் இருந்தால், பெட்டிக்குள் தண்ணீர் போகின்ற அன்று இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு முறை 22 மீட்டரில் என் கூட்டாளியின் திரை திடீரென்று வெறுமையானது. எவ்வளவு காற்று இருக்கின்றது என்பதும் தெரியாது, எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதும் அவருக்குத் தெரியாது. என் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு, என் பக்கத்திலேயே மேலே வந்தார். அன்றைய மற்ற டைவ்கள் அனைத்தையும் விட்டுவிட்டோம்.

காற்று இன்னும் எத்தனை நிமிடத்துக்குப் போதும் என்று காட்டுவதைத்தான் இவ்வகைக் கருவிகளின் பெருமையாகச் சொல்வார்கள். நல்ல வசதிதான், ஆனால் அதற்காக மட்டும் வாங்காதீர்கள். 11.1 லிட்டர் அலுமினியத் தாங்கியில் 50 பார் மீதமிருந்தால் 555 லிட்டர் காற்று. கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் 20 மீட்டரில் 60 லிட்டர் சுவாசிப்பார். ஒன்பது நிமிடம். இந்தக் கணக்கைத் தரையில் ஒரு முறை போட்டுப் பார்த்தவர் கீழே திரையைக் கேட்கமாட்டார்.

இன்னொன்று. உங்கள் கணவரின் கம்ப்யூட்டர் எந்த டீகோக் கணக்கு முறையைப் பின்பற்றுகின்றது என்று பாருங்கள். சூன்டோவின் ஆர்ஜிபிஎம் முறை, குறிப்பாக ஒரே நாளில் அடுத்தடுத்த டைவ்களில், இறுக்கமாக நேரம் கொடுக்கும். ஓஷியானிக்கில் டிசாட், இசட் பிளஸ் என இரண்டு முறைகள் உண்டு, டிசாட் சற்றுத் தாராளமானது. இருவருடைய திரைகளும் வேறு வேறு நிமிடங்களைக் காட்டினால் குறைவாகக் காட்டுவதன்படிதான் இருவரும் எழ வேண்டும். ஆகவே தாராளமான கருவிக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பதில் உங்களுக்குப் பயனில்லை.

மழைக்கடல் (கோலாலம்பூர்):

நான் நான்கு ஆண்டுகளாக வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் பயன்படுத்துகிறேன். திரும்பிப் போக விருப்பமில்லை. இடுப்புப் பக்கம் தொங்கிப் பவளத்தில் உரசும் கன்சோல் (ஹோஸ் முனைக் கருவி) இல்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். டிரான்ஸ்மிட்டரும் அதே உயர் அழுத்தத் துளையில்தான் திருகப்படுகிறது. ஆகவே வாடகை ரெகுலேட்டர் சிக்கலுக்கு இதுவும் தீர்வாகாது. அதற்கென்று தனி பேட்டரி உண்டு. பக்கத்தில் யாராவது புகைப்பட ஃபிளாஷ் அடித்தால் சில நொடிகள் அழுத்தம் தெரியாமல் போய்த் திரும்பி வரும். எல்லாவற்றையும்விடப் படகுப் பையன்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கைக்கு வாகாக நீட்டிக்கொண்டிருப்பதால், டேங்க்கைத் தூக்கும்போது அதைத்தான் கைப்பிடியாகப் பிடிக்கிறார்கள். என் முதல் டிரான்ஸ்மிட்டர் அப்படித்தான் உடைந்தது.

புதுப்பவளம் (சிங்கப்பூர்):

மூவருக்கும் மிக்க நன்றி. இன்ஃப்ளேட்டரையும் இதையும் ஒன்றென நினைத்தது எவ்வளவு ஆபத்தான எண்ணம் என்பது இப்போதுதான் புரிகிறது. நேற்று மாலை அந்தக் கம்ப்யூட்டரை மீண்டும் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். காலரைப் பின்னுக்கு இழுத்தால் அது உடனே முன்னுக்குத் திரும்பாமல், விரலால் தள்ளிய பிறகே வந்தது. அதன் அடிப்புறத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. ஹோஸ் உலோகத்தோடு சேரும் இடத்தில் ரப்பரை வளைத்துப் பார்த்தபோது மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. மூடிகள் இரண்டுமே இல்லை. திரை மட்டும் புதிது போல் பளிச்சென்று இருக்கிறது. ஹோஸை மட்டும் புதிதாக மாற்றிக்கொண்டு வாங்கலாமா?

சர்வீஸ் மேசை (சென்னை):

சாதாரண கேஜ் என்றால் தயங்காமல் வாங்குங்கள் என்பேன். அதற்கான ஹோஸ் எந்த டைவ் கடையிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கழற்றும் இணைப்புள்ள ஹோஸ் அப்படியன்று. ஒரு நிறுவனத்தின் காலர் இன்னொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆகவே அதே மாடலுக்குரிய ஹோஸும் ஓ-ரிங் தொகுப்பும் இன்றும் கிடைக்கின்றனவா என்று முதலில் விசாரியுங்கள். கிடைத்தால் மட்டும் மேலே பேசலாம். விலை பேசுவதற்கு முன், ஒரு கடையில் சரிபார்த்த கேஜோடு சேர்த்து 200, 100, 50 பார் ஆகிய மூன்று அளவுகளில் அழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டேங்க் நிறைந்திருக்கும்போது சிறு வேறுபாடு இருந்தால் பரவாயில்லை. 50 பாரில் இருக்கக் கூடாது. அந்த ஹோஸை மாட்டி வால்வைத் திறக்கும்போது திரையை முகத்துக்கு எதிராகப் பிடிக்காமல் தரையைப் பார்த்தபடி வையுங்கள், மெதுவாகத் திறங்கள்.

புதுப்பவளம் (சிங்கப்பூர்):

இரண்டு கடைகளில் விசாரித்தோம். அந்த மாடலுக்கான ஹோஸ் இருவரிடமும் இல்லை, வரவழைத்துத் தருவதாகவும் யாரும் உறுதி சொல்லவில்லை. நண்பரிடம் நன்றி சொல்லி, கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஹோஸின் நிலையையும் அவரிடம் சொன்னேன், அவரும் இனி அதைப் பயன்படுத்தப் போவதில்லை என்றார். என் கணவருடையதைப் போன்ற மணிக்கட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றையே புதிதாக வாங்கிவிட்டோம். இருவர் திரையிலும் இனி ஒரே கணக்கு ஓடும். பித்தளை கேஜ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அது சுழலும் இடத்தில் ஓ-ரிங்குகளை மட்டும் மாற்றச் சொன்னேன். கடைக்காரர் கழற்றிக் காட்டிய பழைய இரண்டில் ஒன்று ஏற்கெனவே தட்டையாகியிருந்தது. ரெகுலேட்டர் எங்களோடு அந்தமானுக்கு வருகிறது, பிசிடி வரவில்லை.