கூகுள் லாகின்: லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் எரர் 400

மொய்நோட்டு:
மூன்று சின்ன ப்ராஜெக்ட் வைத்திருக்கிறேன். ஒன்று வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுதும் ஆப், மற்ற இரண்டும் அதைவிடச் சின்னவை. ஒவ்வொன்றுக்கும் பாஸ்வேர்டு, 'மறந்துவிட்டேன்' மெயில் என்று எழுதிச் சலித்துப்போய், லாகினை மட்டும் கவனிக்க ஒரு குட்டி சர்வீஸை எக்ஸ்பிரஸில் (நோட் ஜேஎஸ் ஃப்ரேம்வொர்க்) எழுதினேன். கூகுள், கிட்ஹப் என்று இரண்டு பொத்தான், அவ்வளவுதான். லேப்டாப்பில் ஜோராக ஓடுகிறது. சர்வரில், வெளியிலிருந்து வருவதை வாங்கி உள்ளே தரும் என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் ஏற்றினால் கூகுள் 'எரர் 400: ரீடைரக்ட் யூஆர்ஐ மிஸ்மேட்ச்' என்கிறது, அதாவது லாகின் முடிந்து திரும்பி வரவேண்டிய முகவரி பொருந்தவில்லையாம். கூகுள் கன்சோலில் பதிந்து கொடுத்த முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து, அதற்குள் சரியாக வேண்டும்.

வரப்புநண்டு:
கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் குறைந்தாலும் கூகுள் ஏற்காது. கன்சோலில் மாற்றியது நடப்புக்கு வரச் சில மணி நேரம்கூட ஆகலாம். அது சரி, ரெடிமேடாக இத்தனை கிடைக்கும்போது சொந்தமாக எதற்கு?

மொய்நோட்டு:
நேற்று மதியமே மாற்றியது. சாய்கோடும் இல்லை. ரெடிமேடில் நான் பார்த்தது ஜாவாவில் ஓடும் பெரிய சமாசாரம். என் சர்வரில் இருப்பதே 1 ஜிபி ராம்.

பழையசர்வர்:
கன்சோலையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள் தம்பி. உங்கள் சர்வர் என்ன அனுப்புகிறது என்று பாருங்கள். அந்தப் பிழைப் பக்கத்திலேயே டெவலப்பருக்கான 'எரர் டீடெய்ல்ஸ்' இணைப்பு இருக்கும். அதில் ரீடைரக்ட் யூஆர்ஐ என்ன என்று எழுதியிருக்கிறது?

மொய்நோட்டு:
ஐயோ. எச்டிடிபி-க்குப் பிறகு 'எஸ்' இல்லை!

பழையசர்வர்:
அதேதான். எச்டிடிபிஎஸ் என்ஜின்எக்ஸோடு முடிந்துவிடுகிறது. உள்ளே உங்கள் ஆப்புக்கு வருவது வெறும் எச்டிடிபி, அதை நம்பி அது கால்பேக் (திரும்பி வரும்) முகவரியைக் கட்டுகிறது. லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் கூகுள் எச்டிடிபியை அனுமதிப்பதால்தான் லேப்டாப்பில் தெரியவில்லை. வெளியே வந்தது எச்டிடிபிஎஸ்தான் என்று சொல்லும் 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ' ஹெடரை என்ஜின்எக்ஸில் அனுப்பச் சொல்லுங்கள், அதை நம்ப எக்ஸ்பிரஸில் 'ட்ரஸ்ட் ப்ராக்ஸி'யை 1 ஆக்குங்கள். என்னைக் கேட்டால், வருகிற ரிக்வெஸ்ட்டைப் பார்த்து முகவரியை ஊகிப்பதே வேண்டாம். முழு முகவரியையும் என்விரான்மென்ட் வேரியபிளில் எழுதிவிடுங்கள்.

மொய்நோட்டு:
எழுதிவிட்டேன், 400 போய்விட்டது. இப்போது 'ஸ்டேட் பொருந்தவில்லை' என்று என் ஆப்பே திருப்பி அனுப்புகிறது, அதுவும் சர்வரில் மட்டும். அந்தச் சோதனையை எடுத்துவிட்டால் உள்ளே போகிறது. தற்காலிகமாக எடுத்துவிடலாமா?

பழையசர்வர்:
எடுக்காதீர்கள்! லாகினைத் தொடங்கிய பிரவுசர்தான் திரும்பி வருகிறதா என்று பார்க்கும் குறிதான் ஸ்டேட். அது இல்லையென்றால், ஒருவன் தன் கணக்கின் கால்பேக் லிங்க்கை உங்கள் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அவர் சொடுக்கினால் அவன் கணக்கில் உட்கார்ந்துவிடுவார், உங்கள் வீட்டு மொய்யெல்லாம் அவன் நோட்டில் ஏறும். ஸ்டேட் குக்கியின் சேம்சைட் (வேறு தளத்திலிருந்து வரும்போது குக்கி போகலாமா என்ற அமைப்பு) என்ன வைத்திருக்கிறீர்கள்?

மொய்நோட்டு:
சர்வரில் மட்டும் 'ஸ்ட்ரிக்ட்'. பாதுகாப்பு என்று நினைத்து வைத்தது.

பழையசர்வர்:
கூகுள் பக்கத்திலிருந்து திரும்பி வருவது வேறு தளத்திலிருந்து வரும் வரவு. ஸ்ட்ரிக்ட் என்றால் பிரவுசர் அந்தக் குக்கியை அனுப்பாது. சற்றுத் தளர்வான 'லேக்ஸ்' ஆக்குங்கள். பின்னால் ஆப்பிள் லாகின் சேர்த்தால் லேக்ஸும் பத்தாது. பெயரோ மெயிலோ கேட்டால் ஆப்பிள் போஸ்ட் ரிக்வெஸ்ட்டாகத் திருப்பி அனுப்பும், அங்கே சேம்சைட் 'நன்'னும் (கட்டுப்பாடு இல்லை) 'செக்யூர்'ரும் சேர்ந்து வேண்டும்.

மொய்நோட்டு:
லேக்ஸ் ஆக்கியதும் ஓடிவிட்டது அண்ணா! கடைசியாக ஒன்று: அத்தை மகன் கிட்ஹப்பில் நுழைந்தால் மெயில் 'நல்' (வெற்று) என்று வருகிறது. நான் இரண்டு பொத்தானிலும் நுழைந்து பார்த்ததில் எனக்கே இரண்டு கணக்கு.

வரப்புநண்டு:
இது எனக்குத் தெரியும். அவர் மெயிலை வெளியே காட்டாமல் வைத்திருப்பார். 'யூசர்:இமெயில்' ஸ்கோப் (அனுமதி) கேட்டு, மெயில்களுக்கான தனி ஏபிஐயைக் கூப்பிட்டு, அதில் ப்ரைமரியும் வெரிஃபைடும் ஆனதை எடுங்கள். ஆனால் மெயிலை அடையாளமாக வைக்காதீர்கள், அது மாறும். கூகுளின் 'சப்' (பயனரின் மாறாத ஐடி), கிட்ஹப்பின் எண் ஐடி, இவைதான் சாவி.

பழையசர்வர்:
மெயில் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டு கணக்கைத் தானாகச் சேர்த்தும் விடாதீர்கள். ஒன்றில் நுழைந்தபின் 'கிட்ஹப்பையும் இணை' என்று ஒரு பொத்தான் வைத்தால் போதும்.

மொய்நோட்டு:
அந்தப் பொத்தான் காதுகுத்து முடிந்த பிறகு. சித்தப்பா இப்போதுதான் கூகுளில் நுழைந்து, சோதனைக்கு 101 ரூபாய் எழுதிப் பார்த்தார். அதை அழிக்க வழி வைக்க மறந்திருக்கிறேன்.