250 கிராம் மாவு என்றால் எத்தனை கோப்பை?

கேள்வி:
வணக்கம். நான் செய்து பார்த்த கேக்கின் செய்முறையில் 250 கிராம் மைதா, 200 கிராம் சர்க்கரை, 100 கிராம் தேன் என எல்லாமே எடையில்தான் தரப்பட்டிருந்தன. என்னிடம் தராசு இல்லை. 250 மில்லிலிட்டர் கோப்பை ஒன்றும் அளவுக் கரண்டிகளும் உள்ளன. ஆகவே ஒரு கோப்பை மாவை 250 கிராம் எனக் கொண்டு கலந்தேன். கலவை நீர்த்துப்போய், கேக்கும் நடுவில் அமுங்கிவிட்டது. கிராமைக் கோப்பையாக மாற்ற எல்லாப் பொருள்களுக்கும் பொருந்தும் ஒரே கணக்கு உண்டா?

பதில் 1:
ஒரே கணக்கு கிடையாது. கிராம் எடையைக் குறிப்பது, மில்லிலிட்டர் பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் குறிப்பது; இரண்டும் ஒரே எண்ணாக வருவது தண்ணீருக்குத்தான், பால் அதற்கு மிக அருகில் வரும். உங்கள் கோப்பையில் எண்ணெய் ஏறத்தாழ 230 கிராமும், தேன் 350 கிராமும், தளர்வாக நிரப்பிய மைதா 130 கிராமும் பிடிக்கும். அதாவது, நீங்கள் சேர்த்தது தேவையான மாவில் பாதிதான்.

எடையை, ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம் என்ற எண்ணால் வகுத்தால் அளவு கிடைத்துவிடும். மைதாவுக்கு 0.52, சர்க்கரைக்கு 0.85, தேனுக்கு 1.4 என்று கொள்ளலாம். இதன்படி உங்களுக்கு மாவு இரண்டு கோப்பைக்குச் சற்றுக் குறைவாகவும், சர்க்கரை ஒரு கோப்பைக்குச் சற்றுக் குறைவாகவும், தேன் நான்கு மேசைக்கரண்டியும் இரண்டு தேக்கரண்டியும் வேண்டும்.

பதில் 2:
மேலே உள்ள கணக்கு சரியே. ஆனால் மாவுக்கான எண்ணை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கோப்பையை மாவுக்குள் அமுக்கி அள்ளினால் அதே கோப்பையில் 150 கிராமுக்கு மேல்கூட ஏறிவிடும். மாவைக் கிளறித் தளர்த்தி, கரண்டியால் எடுத்துப் போட்டு, தட்டாமல் குலுக்காமல், கத்தியின் முதுகால் தலைதட்டி அளந்தால்தான் 130 கிராமை ஒட்டி வரும். உப்பும் இப்படித்தான்: ஒரு தேக்கரண்டி தூளுப்பு ஏறத்தாழ 6 கிராம் இருக்கும், பரல் பெரிதாக ஆக எடை குறையும், செதில் உப்பானால் பாதியளவே வரலாம்.

செய்முறை எந்த நாட்டினுடையது என்பதையும் பாருங்கள். அமெரிக்கக் கோப்பை ஏறத்தாழ 237 மில்லிலிட்டர். ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லிலிட்டர், பிற இடங்களில் பெரும்பாலும் 15. அடிக்கடி கேக் செய்வதானால் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. தராசு வாங்கிவிடுகிறேன். அதன் பிறகு ஈஸ்ட், பேக்கிங் பவுடர் போன்றவற்றையும் எடை போட்டுத்தான் சேர்க்க வேண்டுமா?

பதில் 2:
வேண்டாம். வீட்டுத் தராசுகள் பெரும்பாலும் ஒவ்வொரு கிராமாகத்தான் காட்டும். 3 கிராம் ஈஸ்டில் ஒரு கிராம் பிசகினால் அது மூன்றில் ஒரு பங்கு. அங்கே தலைதட்டிய தேக்கரண்டியே நம்பகமானது: இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டிக்கு ஏறத்தாழ 3 கிராம், பேக்கிங் பவுடர் 4 முதல் 5 கிராம் வரை.