மறு: மறு: 'ஊடுருவும் விளிம்பில் ஊடுருவிய நிணநீரணு': யார் திருடன், யார் காவலர்?

அன்பர்களே,

வெள்ளிக்கிழமைக்குள் பெருங்குடல் புற்றுநோயாளிகளுக்கான விளக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். அறுத்தெடுத்த கட்டிக்குள் நோயெதிர்ப்பு அணுக்கள் எவ்வளவு புகுந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து, நோய் திரும்புமா என்று கணிக்கும் முறை பற்றி அதில் ஒரு பக்கம். "கட்டியின் ஊடுருவும் விளிம்பில் ஊடுருவிய நிணநீரணுக்களின் அடர்த்தி" என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். மூலத்தில் இன்வேசிவ், இன்ஃபில்ட்ரேட்டிங் என்று இரண்டு சொற்கள். முன்னது, புற்று அக்கம்பக்கத் திசுவைத் தின்றுகொண்டே போவது. பின்னது, உடலின் காவலர்கள் புற்றுக்குள் நுழைவது. தமிழில் இரண்டுக்கும் ஊடுருவல்தான். படித்துப் பார்த்த ஒருவர், "அப்போ நிறைய ஊடுருவியிருந்தா நோய் முத்திடுச்சா?" என்றார். உண்மை நேர்எதிர். கைகொடுங்கள்.
– க.

~~~

க., விளிம்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2006இல் பாரிசில் ழெரோம் கலோன் குழுவினர் காட்டியதே இதுதான்: எந்த வகை அணு, எவ்வளவு அடர்த்தி, எந்த இடம் என்ற மூன்றும் சேர்ந்துதான் நோயாளி எவ்வளவு காலம் பிழைத்திருப்பார் என்று சொல்கின்றன. அதிலிருந்து வந்த மதிப்பெண் முறையில் சிடி3 (நிணநீரணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள் எல்லாவற்றுக்கும் உள்ள அடையாளப் புரதம்), சிடி8 (அவற்றில் முக்கியமாகக் கொல்லும் வகைக்கு உள்ளது) தாங்கிய அணுக்களை கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் தனித்தனியே எண்ணுவார்கள். ஆக நான்கு எண்கள். 2018இல் 13 நாடுகளின் 2,681 நோயாளிகளிடம் சரிபார்த்தார்கள். நோய்நிலை ஒன்றாகவே இருக்கும் இருவரில் யாருக்குத் திரும்பும் என்பதை இது பிரித்துக் காட்டுகிறது.

புற்றின் வேலைக்கு 'அரித்தல்' எப்படி? அரிக்கும் விளிம்பு.
– நோயியல் ஆய்வகத்திலிருந்து, ம.

~~~

மருத்துவர் அம்மாவுக்கு வணக்கம். 'அரிப்பு' என்றதும் சொறியத்தான் தோன்றும். ஆனாலும் அரித்தலை நான் வழிமொழிகிறேன், காரணம் வேறு. புற்று கறையானுடையது. கறையானுக்கு 'செல்' என்றும் பெயர். செல்லரித்த ஏட்டை அறியாதார் இங்கில்லை. எனவே 'புற்றுச்செல் அரித்தது' என்பதில் ஒரு சொல்கூட அயலில்லை!

ஊடுருவல் இரண்டுக்குமே பொருந்தாது. உருவுதல் என்றால் இப்பக்கம் நுழைந்து அப்பக்கம் வெளிவருதல். அம்பு மார்பை ஊடுருவும். நம் அணுக்களோ உள்ளேயே தங்கிவிடுகின்றன. (ஊடலுக்கும் இந்த ஊடுக்கும் உறவுண்டா என்பதைத் தனி இழையில் எழுதுகிறேன்.) என் பரிந்துரை 'புகுநிணவணு'. வினைத்தொகை. புகுந்த, புகுகின்ற, புகும் என முக்காலமும் அடங்கும். இன்னும் நயமாக வேண்டுமா? மதில் வளைப்பது உழிஞை, காப்பது நொச்சி. 'உழிஞை விளிம்பில் நொச்சியணு'.
– பு.

~~~

ஐயா, கீமோ ஏறும் கையோடு ஒருவர் இதைப் படிக்கப்போகிறார். அவரிடம் நொச்சியா? ஆவி பிடிக்கச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்.
– செ.

~~~

எங்கட பாடநூல்களில் இது எப்பவோ முடிஞ்ச விசயம். இம்யூனிட்டி நிர்ப்பீடனம், லிம்போசைட் நிணநீர்க்குழியம். பள்ளிக்கூடப் பிள்ளைகளே எழுதுதுகள். ஏன் திரும்பத் திரும்பப் புதுசாக் காய்ச்சுறீங்கள்?
– யாழிலிருந்து, த.

~~~

நிர்ப்பீடனம் வடசொல்.
– பு.

~~~

ஓம் ஐயா, வடசொல்தான். ஆனா விளங்குது.
– த.

~~~

இதைவிடப் பெரிய சிக்கல் அடுத்த பத்தியில் இருக்கிறது. க. ப்ராக்னாஸ்டிக், ப்ரெடிக்டிவ் இரண்டையும் 'முன்கணிப்பு' என்றே போட்டிருக்கிறார். முன்னது, சிகிச்சை எதுவானாலும் நோய் எப்படிப் போகும் என்பது. பின்னது, இன்ன மருந்து இவருக்குப் பலிக்குமா என்பது. டி.என்.ஏ. நகலெடுக்கையில் விழும் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு கெட்டுப்போன கட்டிகளைப் பாருங்கள். அவற்றுக்குள் நிணநீரணுக்கள் நிறைந்திருக்கும். நோயின் இரண்டாம் நிலையில் இந்த நோயாளிகள் அறுவைக்குப் பின் பெரும்பாலும் நன்றாகவே இருப்பார்கள், ஆனால் ஃப்ளூரோயூராசில் என்ற கீமோ மருந்தை மட்டும் கொடுத்துப் பயனில்லை. முன்னதுக்கு நல்ல செய்தி, பின்னதுக்கு 'வேண்டாம்'. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால், நல்ல முன்கணிப்பு என்று மருந்தை ஏற்றிவிடுவார்கள்.

போக்குக்காட்டி, பயன்காட்டி என்று பிரிக்கலாமா?
– ம.

~~~

போக்குக் காட்டுவது என்றால் ஏமாற்றிவிட்டு நழுவுவது அம்மா! புற்று செய்வதும் அதுதான் என்பது வேறு. பயன்காட்டியைக் கேட்டால் ராசிபலன் நினைவு வருகிறது. பேசாமல் 'நோய்ப்போக்குக் குறி', 'மருந்துப்பயன் குறி' என்று வைத்துக்கொள்ளுங்கள்.
– செ.

~~~

நேரமாகிவிட்டது. குறிகள் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். அனுப்பிய வாக்கியம் இது: "புற்று அரித்துச் செல்லும் ஓரத்தில் வந்து சேர்ந்த நிணநீரணுக்கள் (இவை உங்கள் உடலின் காவல் அணுக்கள்)." நால்வர் சரி என்றீர்கள், மூவர் களைத்துப்போய்ச் சரி என்றீர்கள். நன்றி.
– க.

~~~

'வந்து சேர்ந்த' இறந்தகாலம். இன்னும் வந்துகொண்டிருக்கும் அணுக்கள் என்னாவது? வினைத்தொகையே வேண்டும்.
– பு.

~~~

ஐயா, கட்டி வெட்டப்பட்டு ஃபார்மலினில் ஊறிக்கொண்டிருக்கிறது. அதற்குள் இனி எந்த அணுவும் வராது. இறந்தகாலம்தான் சரி.
– ம.

~~~

ஏற்கிறேன், இந்தக் கட்டிக்கு மட்டும். நொச்சியை ஆவி பிடிப்பதைத் தவிர வேறு காரணம் சொல்லி யாரும் மறுக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.
– பு.