ஜப்பானியர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால்

ஜப்பானுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், கூட வேலை பார்ப்பவர் வீட்டுக்குச் சாப்பிட அழைக்கிறார் என்றால் தயங்காமல் போங்கள். இங்கே பெரும்பாலும் வெளியே கடையில் சந்தித்துச் சாப்பிடுவதுதான் வழக்கம். வீட்டுக்கே கூப்பிடுகிறார்கள் என்றால் உங்களை நெருக்கமானவராக நினைக்கிறார்கள்.

சரி என்று சொல்லும்போதே எது சாப்பிட மாட்டீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். நம் ஆட்கள் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுவது இதைத்தான். வெறுமனே ‘நான் சைவம்’ என்றால் போதாது. மிசோ சூப், வேகவைத்த காய்கறி, சுருட்டிய முட்டை என்று பலவற்றிலும் தாஷி என்ற சாறு சேரும். பெரும்பாலும் அது காய்ந்த கத்சுவோ மீனைச் சீவி எடுப்பது. நம் மாசிக் கருவாடும் அதே சூரை மீன்தான். சூப்பில் மீன் துண்டு கண்ணில் படாததால் சமைப்பவருக்கே அது அசைவமாகத் தோன்றாது. அதனால் ‘மீன் தாஷி வேண்டாம், கொம்பு தாஷி என்றால் சாப்பிடுவேன்’ என்று விவரமாகச் சொல்லுங்கள். கொம்பு என்பது கடற்பாசி. அதையும் உலர்ந்த ஷீதாகே காளானையும் வைத்துத்தான் இங்குள்ள புத்த மடங்களில் சைவச் சமையல் நடக்கிறது, எனவே நீங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை.

மாடு, பன்றி தொடாதவர்கள் ஜப்பானியக் குழம்புக்குக் கடையில் விற்கும் மசாலாக் கட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலவற்றில் அவற்றின் கொழுப்பு இருக்கும். மது ஆகாதவர்கள் சமையலில் சேர்க்கும் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவையும் சாகே என்ற அரிசி மதுவையும் குறிப்பிடுங்கள். ‘உங்களுக்கு என்ன செய்யட்டும்?’ என்று கேட்டால் தெமாகி ஸுஷி என்பேன். சோறு, நோரி என்ற கடற்பாசித் தாள், வெள்ளரி, அவகாடோ, முட்டை எல்லாம் நடுவில் இருக்கும், அவரவர் சுருட்டிக்கொள்ளலாம். சைவக்காரர், மீன் பிரியர் யாருக்கும் சங்கடமில்லை.

கையில் ஒரு இனிப்புப் பெட்டி, 2,000, 3,000 யென்னுக்குள், தனித்தனியாகச் சுற்றியதாக இருந்தால் நல்லது. சொன்ன நேரத்துக்கு முன்னால் போய் மணியடிக்காதீர்கள். செருப்பை வாசலில் கழற்றுங்கள். கொடுக்கும் ஸ்லிப்பரோடு தாதாமி பாய் மேல் ஏறக் கூடாது. கழிப்பறைக்கு வேறு ஸ்லிப்பர் இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும்.

சாப்பிடும் முன் எல்லோரோடும் ‘இத்தடகிமாஸ்’ (பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்) என்று சொல்லுங்கள். சோற்றுக் கிண்ணத்தையும் சூப் கிண்ணத்தையும் இடது கையில் தூக்கிப் பிடித்துத்தான் சாப்பிட வேண்டும். இடது கையை ஒதுக்கியே வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் உறுத்தும். ஆனால் கிண்ணத்தைக் கீழே வைத்துக் குனிந்து சாப்பிடுவதுதான் அவர்கள் கண்ணுக்கு அழகில்லை. சாப்பிடும் குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தாதீர்கள், இறந்தவருக்குப் படைக்கும் முறை அது. குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றுவதும் கூடாது. தகனத்துக்குப் பின் எலும்பை அப்படித்தான் எடுத்துக் கொடுப்பார்கள். மற்றபடி குச்சி தடுமாறினால் ஸ்பூன் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

முடிந்ததும் ‘கொச்சிஸோஸமா தெஷ்தா’ என்று விருந்துக்கு நன்றி சொல்லுங்கள். மறுநாள் ஒரு செய்தி, அடுத்த முறை நேரில் பார்க்கும்போது இன்னொரு முறை நன்றி. இங்கே அதை மிகையாக நினைக்க மாட்டார்கள், எதிர்பார்ப்பார்கள்.

அப்புறம் நீங்களும் அவர்களைக் கூப்பிடுங்கள். காரத்தைக் குறையுங்கள். கூப்பிடும்போதே ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிடுங்கள், குறிப்பாக நிலக்கடலை. நம் சட்னியிலும் எண்ணெயிலும் அது எங்கெங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.